'வெறும் தகவல்'

நம்மிடையே ஒரு எழுத்தைத் தீர்த்துக்கட்ட 'வெறும் தகவல்' என்று சொன்னால் போதும். பழவேற்காடு ஏரியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்த கவிஞர் நண்பரும் அதைத்தான் சொன்னார். அதில் சிருஷ்டி இல்லையாம். இல்லைதான். ஆனால் அந்த 'வெறும்' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நான் இருப்பது அனுப்பம்பட்டில். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஒரு சிறிய ரயில் நிலையம். ஒரு நாள் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் காகிதக் கட்டோடு வந்தார். ஏதோ ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை. அதன் தமிழ்ச் சுருக்கம். "தமிழ்தான் சார், படிச்சிட்டேன். இதுல எங்க பாடு எங்க இருக்கு?" என்றார். நானும் தேடினேன். 'பாதிப்புகள் உரிய முறையில் தணிக்கப்படும்' என்றிருந்தது. யார் தணிப்பார், எப்போது, எதைக்கொண்டு? செய்கிறவன் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பேற்பவனும் இல்லை.

அவர் கேட்ட பாடு, நாம் கஷ்டத்துக்குச் சொல்லும் பாடு அல்ல. ஏரியில் இறால் படும் இடங்களில் யார், என்றைக்கு வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. முகத்துவாரம் தூர்ந்துபோனால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. வராவிட்டால் முறை கையிலிருந்தும் பயனில்லை. இந்தச் சில வாக்கியங்கள் அறிக்கையில் இருந்திருந்தால் அவர் எதிர்க்கேள்வி கேட்டிருப்பார். பாட்டைப் பற்றி விவரமாக நான் படித்தது ஆங்கிலத்தில்: செபாஸ்டியன் மாத்யூ எழுதி, ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஆய்வு.

தகவல் எழுத்தின் லட்சணங்களை மேற்கிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றம், பத்து அழகு என்று வகுத்துவைத்தார். குறைத்துச் சொல்லாதே, மிகையாகச் சொல்லாதே, முரண்படாதே, வெற்றுச் சொற்களைத் தொடுக்காதே. முறையாக வை, விளங்க வை, உதாரணம் காட்டு. அந்த அறிக்கை பத்துக் குற்றங்களுக்கும் பாடப்புத்தகமாக இருக்கும்.

2020இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட நேர்ந்தது. சரி, தமிழில் வந்தால் மட்டும் போதுமா? மீனவர் கையில் இருந்ததும் தமிழ்தான்.

அந்தத் தமிழுக்கு அதிகாரியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். விஷயத்தைத் தெளிவாகச் சொல்லும் உரைநடையைக் கீழ்ஜாதி வேலை என்று ஒதுக்கியவர்கள் நாம். நாம் விட்ட இடத்தில் குமாஸ்தா உட்கார்ந்தார். பெ. தூரன் கவிஞர், அவரே 10 தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்தார். அந்த உரைநடையை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? ஒரு படிமம் பிசகினால் நாலு இதழுக்குச் சண்டை போடுகிறோம். ஒரு ஏரியைப் பற்றிய வாக்கியம் பொய் சொன்னால் நம் காதில் விழுவதில்லை.

நண்பர் தம் அடுத்த கவிதையில் ஏரியைப் படிமமாக்கட்டும். ஆட்சேபமில்லை. அந்த மீனவர் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்சேபணை மனு எழுத வேண்டுமாம். அதில் எந்த வாக்கியத்தை 'வெறும் தகவல்' என்று அடிப்பது என்பதையும் நண்பர் பக்கத்திலிருந்து சொல்லட்டும்.