சைக்கிள் கொடுத்தீங்க, ஓட்ட ரோடு எங்கே?

உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் எதுல வேலைக்கு வர்றார்னு என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா மக்களே? ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற அண்ணன்? அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புற தொழிலாளி? இவங்கள்ல நிறைய பேருக்கு இன்னைக்கும் சைக்கிள்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்க. விவசாயம் அல்லாத வேலைகளுக்குப் போறவங்கள்ல, நாடு முழுக்க சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிள்ல போயிருக்காங்க. பைக், ஸ்கூட்டர்ல போனவங்களை விட அது கொஞ்சம் அதிகம்!

ஆனா சைக்கிள்னு சொன்னதும் ஆட்சியில இருக்கிறவங்களுக்கு ஞாபகம் வர்றது, ஞாயித்துக்கிழமை காலையில ஈசிஆர்ல ஹெல்மெட் போட்டுப் போற கூட்டம் மட்டும்தான். (அவங்க மேல நமக்குக் கோபம் இல்லை. அவங்களும் அதே லாரிக்குப் பக்கத்துலதான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுறாங்க.)

2014ல சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு. போக்குவரத்துக்கான பட்ஜெட்ல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும்னு எழுதி வச்சாங்க. 2018க்குள்ள அவங்க சாவு எண்ணிக்கையை பூஜ்யமாக்குவோம்னும் எழுதினாங்க. படிக்க நல்லாத்தான் இருக்கு. 2018 போய் எத்தனை வருஷம் ஆச்சு? உங்க தெருவுல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரே ஒரு கிலோமீட்டர் முழுசா சைக்கிள் பாதை இருந்தா போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க. வெள்ளைக் கோடு போட்டு அது மேலயே கார் நிறுத்தி வச்சிருக்கிறது கணக்குல வராது.

மாறி மாறி ஆண்ட ரெண்டு கட்சியும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தாங்க. 2001-02ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச திட்டம் அது. நல்ல திட்டம், மறுக்கவே மாட்டோம். கொடுக்கிற விழாவுக்கு மேடை உண்டு, மாலை உண்டு, போட்டோ உண்டு. அதே பிள்ளை படிப்பு முடிச்சு, அதே சைக்கிள்ல கம்பெனி வேலைக்குக் கிளம்பினா ரோட்ல அவளுக்கு ஒரு அடி இடம் உண்டா?

நான் படிச்சது சிவில். மழைநீர் வடிகால் மேல இரும்புக் கம்பி மூடி போடுறாங்கல்ல, அந்தக் கம்பி ரோட்டுக்குக் குறுக்கே இருந்தா சைக்கிள் டயர் ஏறிப் போயிடும். ரோட்டோட நீளவாக்குல இருந்தா முன் சக்கரம் உள்ளே இறங்கி, ஓட்டுறவர் தலைகுப்புற விழுவார். மூடியைத் திருப்பிப் போட எத்தனை கோடி சார் வேணும்? வேகமும் அப்படித்தான். வண்டி 30ல இருந்து 60க்குப் போனா மோதுற ஆற்றல் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அந்த வேகத்துல பஸ் போற ரோட்ல தடுப்பு இல்லாம சைக்கிள்காரரை விடுறதுக்குப் பேரு திட்டமிடலா?

உடனே 'இடம் இல்லை'ம்பாங்க. ஓரமா ஒரு கார் நிக்க ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் வேணும். ஒரு சைக்கிள் பாதைக்கும் அவ்வளவுதான். நிக்கிற காருக்கு இருக்கிற இடம், ஓடுற சைக்கிளுக்கு இல்லையாம்!

பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டினதுக்கு அப்புறம், தினம் 20 கிலோமீட்டர் பைக்ல போனாலே மாசம் 1,100 ரூபாய்க்கு மேல ஆகுது. வாட்ச்மேன் சம்பளத்துல அது ஒரு மாச மளிகையில பாதி.

உங்க வார்டுல இந்த வருஷம் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் எவ்வளவு செலவாச்சுன்னு மாநகராட்சிக்கு ஆர்டிஐ போடுங்க. கட்டணம் 10 ரூபாய்தான். மனு எழுதத் தெரியலைன்னா நம்ம பேஜுக்கு மெசேஜ் பண்ணுங்க, அணித் தோழர்கள் எழுதித் தருவாங்க. வர்ற பதிலை இங்கேயே போடுவோம், எந்த வார்டா இருந்தாலும் சரி.

#சைக்கிளுக்கு_ரோடு_எங்கே