தலையெழுத்தா? தலைநோயா?

மூளையில் புற்றுக்கட்டி என்றால் "தலையெழுத்து" என்று சொல்லி, பரிகாரத்திற்குப் பணம் பறிக்கும் கூட்டம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. மண்டையைத் திறந்து பார்க்கும் வைத்தியர்கள் அங்கே பிரமன் எழுத்தைக் கண்டதில்லை, உயிரணுக்களையே கண்டார்கள்.

மூளைக்கென்றே காவல் அணுக்கள் உண்டு என்பதை 1919-ல் ஸ்பெயின் தேசத்து ரியோ ஒர்டேகா காட்டினார். கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டியோ, நம்மவர்களைக் கொண்டே நம்மை அடக்கும் சூழ்ச்சியைப்போல், அக்காவலர்களையே தன் வளர்ச்சிக்கு ஊழியம் செய்ய வைத்துக்கொள்ளுகிறது.

இச்சூழ்ச்சியை அறிந்த விஞ்ஞானிகள் சும்மாயிருக்கவில்லை. நோயாளியின் இரத்தத்திலிருந்தே "டி" அணு என்னும் வேறு காவலர்களை எடுத்து, கட்டியை அடையாளங்கண்டு தாக்கும்படி மாற்றி, பாஸ்டன் நகரில் மூளைக்குள் செலுத்தினார்கள். 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். மூவருக்கும் சில தினங்களில் கட்டி சுருங்கிற்று. ஆனால் இருவருக்கு அக்குணம் நிலைக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். பலிக்காத பரிகாரத்தை எந்தப் புரோகிதராவது இப்படி ஒப்புக்கொண்டதுண்டா?

ஆகவே தோழர்களே! ஓயாத தலைவலியோ புதிதாக வலிப்போ கண்டால் ஜாதகத்தைப் புரட்டாதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.