பார்க்காமலே மாற்றுகிறார்கள்

என் கார் 1972-ஆம் ஆண்டு பியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த வண்டி. 1089 சிசி எஞ்சின், ஒரே ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர், பாயிண்ட், கண்டன்சர், காயில், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே இருக்கும்போது இந்த எஞ்சின் நின்றால், பெரும்பாலும் பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் கரண்ட் வரவில்லை. இரண்டில் எது என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. சூடேறி, அண்ணா சாலை நெரிசலில் ஊரத் தொடங்கியதும் இரண்டு குலுக்கல், ஆஃப். பின்னால் வருகிறவர்கள் ஹாரனில் கை வைத்தால் எடுப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “கார்புரேட்டர்ல அடைப்பு சார்” என்று கழுவிக் கொடுத்தார் ஒருவர். அடுத்தவர் பெட்ரோல் ஏற்றும் ஏசி பம்பை மாற்றினார். இன்னொருவர் காயிலையே மாற்றிவிட்டார். எல்லாருக்கும் பணம் கொடுத்தாயிற்று. எல்லாரும் பார்த்தது ஆறிப்போன எஞ்சினை. ஆறின எஞ்சினில் கோளாறே கிடையாதே, அதில் என்ன தெரியும்?

தெரிய வேண்டியதெல்லாம் வண்டி நின்றவுடன் வருகிற அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் லீவரைத் தள்ள வேண்டும். ஜெட்டிலிருந்து பெட்ரோல் பீச்சினால் புளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது. பீச்சவில்லையென்றால் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பம்பில் ஏர் லாக் ஆகியிருக்கலாம்; பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் தெரிந்துவிடும். பழைய டாக்சி டிரைவர்கள் துணியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் வண்டி எடுத்ததில்லை.

பெட்ரோல் சரியென்றால் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் மேல் படவைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். பெட்ரோல் சிந்தின இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. பளிச்சென்று நீலமாகப் பொறி அடித்தால் காயிலைத் தொட வேண்டாம். மஞ்சளாக, சோகையாக வந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம். அதற்குள்ளே இருக்கும் காப்பு சூட்டில் கசியத் தொடங்கினால் பொறி செத்துவிடும். ஆறினால் திரும்ப உயிர் வரும். பாயிண்ட் கருகியிருப்பதும் இதற்கு ஒரு அடையாளம். காயிலும் சூட்டில் இப்படியே ஏமாற்றும் என்பதால்தான் சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று கெஞ்சுகிறேன்.

இதோடு இப்போது பங்க்கில் ஊற்றுகிற பெட்ரோல் வேறு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். சென்சார் உள்ள புது வண்டி பெட்ரோல் அளவைத் தானே கூட்டிக்கொள்ளும். 1972-இல் துளை போட்ட ஜெட் என்ன செய்யும்? கலவை மெலிந்து, ஐடிலில் எஞ்சின் தடுமாறுகிறது. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயபிரமும் எத்தனாலில் ஊறிக் கெடுகின்றன. ஐம்பது வயதான வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவெண் கொடுக்க 2021-இல் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணமும் வைத்தார்கள். அந்த வண்டி எதைக் குடித்து ஓடும் என்று யோசித்தவர்கள் உண்டா?

“இதை ஏன் சார் வெச்சுக்கிட்டு கஷ்டப்படுறீங்க, குடுத்துடுங்க” என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். மெக்கானிக் தம்பி, புது சாமான் எதுவும் வாங்கி வராதீர்கள். ஒரு ஸ்பேனரும் பழைய பிளக் ஒன்றும் போதும். போன் செய்கிறேன், வண்டி நிற்கிற இடத்துக்கு, அது சூடாக இருக்கும்போதே வாருங்கள். பார்த்துச் சொன்னதற்கே கூலி தருகிறேன்.