இருபது சென்டிமீட்டருக்கு அப்பால்

24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை அனைத்தையும் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதி கனமழை என்ற ஒரே வகைக்குள் அடக்குவதால், 21 சென்டிமீட்டரும் 95 சென்டிமீட்டரும் பொதுமக்கள் காதில் ஒரே செய்தியாகவே விழுகின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது; மதுரை மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறுவதே சுமார் 85 சென்டிமீட்டர்தான். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா என்று அப்போது நடந்த வாதத்தில், அந்த எச்சரிக்கை எவ்வளவு நீரைக் குறித்தது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது வருந்தத்தக்கது.

மழையளவு என்பது, பெய்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் இருந்தால் தரையில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்ற கணக்கு. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் விழுகிறது. 20 சென்டிமீட்டர் என்றால் 8 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அறுபதுக்கும் மேற்பட்ட நடை. கோடையில் லாரியை எதிர்பார்த்து நிற்கும் புறநகர்வாசிக்கு இக்கணக்கு உடனே பிடிபடும். மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊரில், மலைச்சரிவின் நீர் எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்கு வரும், நிறைந்த கண்மாயின் மிகைநீரை வெளியேற்றும் கலுங்கு எப்போது மறுகால் பாயும், அந்த மறுகால் பாதையில் இன்று எந்தத் தெரு இருக்கிறது என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் முன்னறிவிப்பு முழுமை பெறும்.

காலநிலை மாற்றத்தை விளக்கவும் இந்தக் கண்மாயே போதும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது என்பதால், ஆண்டு மொத்தம் அதிகம் மாறாமலேயே மழை சில நாட்களில் குவிந்து பெய்யக்கூடும். மொத்த மழை அதே அளவுதானே என்று விவசாயி கேட்பது நியாயமான கேள்வி. நாளுக்கு 2 சென்டிமீட்டராகப் பத்து நாள் பெய்தால் மண்ணில் ஊறும் நீர், ஒரே நாளில் இறங்கினால் கரையை உடைக்கும் என்பதே அதற்கு விடை, அவ்விடையை அவர் ஏற்கெனவே பாதி அறிவார்.

ஒரு குறிப்பிட்ட மழைக்குப் புவி வெப்பமாதல் மட்டுமே காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்ல அறிவியல் இடம் தருவதில்லை. அத்தகைய மழைக்கான வாய்ப்பையும் தீவிரத்தையும் வெப்பமாதல் எவ்வளவு கூட்டியது என்றே அது கணிக்கிறது. இந்த வரம்பை மறைத்து, இனி வெள்ளம்தான் என்று முழங்குவோரை மக்கள் அடுத்த ஆண்டே நம்பாமற்போவர். ஏனெனில் 2015 இல் சென்னை மூழ்கியதைப் பார்த்த அதே தமிழ்நாட்டில், 2016 இன் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது.