கிளட்ச் இல்லீங்க, ரப்பர்!

"ஒழுங்கா படிக்கலேன்னா மெக்கானிக் ஷெட்டுல கொண்டு போய் விட்ருவேன்."

இந்த மிரட்டலைக் கேட்காம வளர்ந்தவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க பார்ப்போம். மாடு மேய்க்கிறது, இல்லேன்னா மெக்கானிக் ஷெட்டு. படிக்காத பிள்ளைக்கு நம்ம வீடுகள்ல இருந்தது இந்த ரெண்டே கதிதான். பயந்து போய்ப் படிச்சோம். படிச்சுட்டு புனே, பெங்களூரு, குர்காவ்னு வந்து சேர்ந்தோம். கார் வாங்கினோம். இப்போ அதே ஷெட்டுக்கு நாமளே தேடிப் போய், அங்கே சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு, கேட்ட காசைக் குடுத்துட்டு வர்றோம்.

இப்ப எதுக்கு இந்தப் புலம்பல்னா, புனேல நமக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பம் ஒண்ணு. பழைய வேகன் ஆர். சிக்னல்ல ஏ.சி. போட்டு நின்னா ஸ்டியரிங் கையில நடுங்குது. ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்கும்போது வண்டி உதறுது. ரிவர்ஸ் போட்டா 'டொக்'. சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தவர் வண்டிப் பக்கமே வராம "கிளட்ச் போயிடுச்சு சார்"னுட்டார். எட்டாயிரத்துச் சொச்சம் பில். புது கிளட்ச்சோட வெளியில வந்த வண்டி அடுத்த சிக்னல்லயே அதே மாதிரி நடுங்கியிருக்கு. திரும்பப் போய்க் கேட்டா "வண்டி பழசு சார், எக்ஸ்சேஞ்ச் போட்ருங்க"ங்கிறாங்க!

ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தோம். ஒரு பக்க என்ஜின் மவுண்டோட ரப்பர் குறுக்கே பொளந்து, இரும்பு தனியா ரப்பர் தனியா நின்னுது. கடையில விலை ஆயிரத்துச் சில்லறை. அவ்வளவுதான் விஷயம்.

என்ஜினை நேரா பாடியில முறுக்கி வைக்க முடியாது. நடுவுல ரப்பர் வேணும். மூணு சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்ல 800 ஆர்.பி.எம். ஓடுதுன்னா செகண்டுக்கு 20 தடவை உள்ளே வெடிக்குது. அந்த அதிர்வை வாங்கிக்கிட்டு, என்ஜினோட கனத்தையும் தாங்கிக்கிட்டு நிக்கிறது மூணு நாலு ரப்பர் கட்டைகள். நம்மூர்ல 'மவுண்டிங்'னு சொல்றதை இந்தப் பக்கம் 'ஃபவுண்டேஷன்'னுவாங்க. சூட்டுல, வருஷக் கணக்குல, ரப்பர் இறுகி வெடிக்கும். அது இயற்கை, யார் மேலயும் தப்பில்லை. தப்பு, அதைப் பார்க்காமலே கிளட்ச்சுக்கு பில் போடுறதுல இருக்கு.

அதைவிடப் பெரிய தப்பு நம்ம கிட்ட இருக்கு. தமிழ்நாட்டுல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு இங்க வந்து கோடு எழுதுறவங்க எத்தனை பேர்னு ஆபீஸ் கேன்டீன்ல ஒரு குரல் குடுத்துப் பாருங்க. 'டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி' பேப்பர்ல வைப்ரேஷன் ஐசொலேஷன் வரும், டிரான்ஸ்மிஸிபிலிட்டி கர்வ் வரும், அதை நெட்டுரு போட்டு எழுதியிருப்போம். அந்தப் பாடம் இந்த ரப்பர் கட்டையைப் பத்தினதுதான் சாமி! ஆயுத பூஜைன்னா காருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குவோம். ஆனா பூஜையில வைக்க வீட்டுல ஒரு ஸ்பேனர் செட் கிடையாது. பிள்ளையோட ஜாமெட்ரி பாக்ஸை வெச்சு ஒப்பேத்துறோம் :-)

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி ரெண்டையும் பாருங்க, சும்மா நடுங்குறதுக்கு அதுவும் காரணமா இருக்கும். கிளட்ச் தேஞ்சிருந்தா டாப் கியர்ல ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறும், வேகம் ஏறாது. அது இல்லாம வெறும் உதறல்னா மவுண்ட் மேல சந்தேகப்படுங்க. பானெட்டைத் திறந்து வெச்சு, ஹேண்ட் பிரேக் முழுசாப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச்சைக் கொஞ்சமா விடணும். வண்டி இழுக்க ஆரம்பிக்கிற இடத்தோட நிறுத்தணும். அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது. பக்கவாட்டுல நிக்கிறவர் ஃபோன்ல வீடியோ எடுக்கட்டும். எல்லா என்ஜினும் லேசா அசையும். ஒரு பக்கம் மட்டும் எழும்பி 'டொக்'னு விழுந்தா அந்தப் பக்க மவுண்ட் அவுட்.

மாத்துறது ஒரு காலை நேர வேலை. பழைய சின்னக் கார்கள்ல பக்கவாட்டு மவுண்ட் பெரும்பாலும் மேலேருந்தே கைக்கு எட்டும், காருக்கு அடியில படுக்க வேண்டாம். முந்தின ராத்திரியே போல்ட்டுங்களுக்கு டபிள்யூடி-40 அடிச்சு ஊற விடுங்க. காலையில ஆறின என்ஜின், சமதளம், சக்கரத்துக்குக் கல். ஆயில் சம்ப்புக்குக் கீழே ட்ராலி ஜாக்கி, நடுவுல கனமான பலகை. பலகை இல்லாம வெச்சா சம்ப்பு நசுங்கும். வண்டியோட வர்ற ஸ்டெப்னி ஜாக்கி இதுக்கு ஆகாது. என்ஜினைத் தூக்கக் கூடாது, அதோட பாரத்தை ஜாக்கி வாங்கிக்கிட்டா போதும். ஒரு நேரத்துல ஒரு மவுண்ட்தான். புதுசை வெச்சதும் எல்லா போல்ட்டையும் கையாலயே நாலு சுத்து ஏத்திட்டு, அப்புறம்தான் ஸ்பேனர். கை எதையும் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல வைக்காதீங்க. பின்பக்கம் கீழே இருக்கற மவுண்ட்டும், உள்ளே திரவம் நிரப்பின ஹைட்ராலிக் மவுண்ட் வர்ற பெரிய வண்டிகளும் வேற கணக்கு. அதை மெக்கானிக் கிட்டயே விட்ருங்க.

இதுல இடைஞ்சல் ஜாக்கியோ போல்ட்டோ இல்லை, சொசைட்டி! "பார்க்கிங்கில் வாகனப் பழுது வேலைகள் தடை"ன்னு எங்க நோட்டீஸ் போர்டுலயும் தொங்குது. ஆயில் கொட்டித் தரை பாழாகும்கிறாங்க. ஆயில் மாத்துறதுக்கு அது நியாயம், ஒத்துக்கிறேன். மவுண்ட் மாத்துறதுல ஒரு சொட்டு ஆயில் சிந்தாதே? இதே பார்க்கிங்ல ஆப்ல புக் பண்ணினா யூனிஃபார்ம் போட்ட பையன் வந்து இதே வேலையைப் பண்ணுறான், செக்யூரிட்டி சல்யூட் அடிச்சு உள்ளே விடுறார். அவன் பண்ணினா 'சர்வீஸ்', ஃப்ளாட்டுக்காரன் பண்ணினா 'நியூசன்ஸ்'. தரை மேல அக்கறைன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ, கையில கிரீஸோட லிஃப்ட்ல வர்ற ஆளைப் பார்க்கத்தான் பிடிக்கலைன்னு தோணுது. ஷெட்டு மிரட்டல் நம்ம ஊர்ல மட்டும் இல்லை போல.

"மெக்கானிக் பொழைப்புல மண்ணைப் போடுறியே"ன்னு ஒருத்தர் கேட்டார். இல்லீங்க. நமக்கு நேரம் இல்லேன்னா நானா பேட்டுல மவுண்டை வாங்கிட்டுப் போய் தெரு முனை மெக்கானிக் கிட்டயே குடுங்க, கூலியைப் பேரம் பேசாமக் குடுங்க. கை அழுக்காகிறவருக்குக் காசு போகட்டும். நான் கத்துறது, வண்டியைத் தொடாமலே பில் அடிக்கிற மேஜையைப் பார்த்து. வாரண்டி இருக்கற வண்டின்னா அந்த மேஜைக்குத்தான் போகணும், வேற வழியில்லை.

இது ஏதோ என் ஒருத்தன் வயித்தெரிச்சல்னும் நினைக்காதீங்க. உதிரி பாகத்தையும் ரிப்பேர் கருவியையும் வெளிச்சந்தைக்கு விடாம பூட்டி வெச்சதுக்காக 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுது. அது அப்பீலுக்குப் போனது தனிக் கதை. 2022ல நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை'க்குக் கமிட்டி போட்டப்ப, அந்தப் பட்டியல்லயும் கார் இருந்தது.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க இந்த வாரமே பானெட்டைத் திறங்க. கிழிஞ்ச மவுண்ட்டோட ஓட்டினா பாரம் மத்த மவுண்டுங்க மேலயும் சைலன்ஸர் பைப் ஜாயிண்ட் மேலயும் ஏறும். கோலாப்பூர், ஹுப்ளி, சித்ரதுர்கா, பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம்னு பிள்ளைகளைப் பின் சீட்டுல தூங்க வெச்சு ராத்திரில போற ரோடு அது.

பி.கு: புது மவுண்ட் போடுறதுக்கு முன்னாடி அது மேல ஆயில் ஒழுகுதான்னு பாருங்க. டாப்பெட் கவர் பேக்கிங் ஒழுகினா அதை முதல்ல மாத்துங்க. ஆயில் பட்ட ரப்பர் ஊதிப் போய் சீக்கிரமே கிழியும். போல்ட்டுக்கு டார்க் எவ்வளவுன்னு என்னைக் கேட்காதீங்க, வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலைப் பார்த்து டார்க் ரெஞ்ச்ல வைங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, புனேகாரங்க வந்து வாங்கிட்டுப் போகலாம், திருப்பிக் குடுத்தா சரி.