சொன்னவண்ணம் செய்யும் அப்பாக்கள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் இருக்கும் ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். சிஷ்யன் கணிகண்ணனை மன்னன் ஊரை விட்டுத் துரத்தினான். திருமழிசையாழ்வாரும் கூடவே கிளம்பினார். 'பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நீயும் வா' என்று அவர் சொல்ல, பெருமாளும் பின்னாலேயே வந்துவிட்டார். அவர்கள் ஓர் இரவு இருந்த இடம் ஓரிருக்கையாகி, ஓரிக்கையாயிற்று. மன்னன் மன்னிப்புக் கேட்டதும், 'போய்ப் படுத்துக்கொள்' என்றார் ஆழ்வார். அதையும் செய்தார் பெருமாள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயர்.

பக்தனுக்குக் கட்டுப்பட்ட பகவானிடம் எனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. நம் வீட்டு அப்பாக்களையும் அதே உத்தியோகத்தில் அமர்த்தி வைத்திருக்கிறோமே, அதைப் பற்றித்தான் என் சண்டை. முக்கியமாக, பிராஸ்டேட் புற்றுநோய் கண்ட அப்பாக்களை.

அந்த ஓரிக்கையில் எனக்குத் தெரிந்த கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சதவீதக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இரவில் ஐந்தாறு தரம் சிறுநீருக்கு எழுந்திருந்தார். இடுப்பு வலி வேறு. பரிசோதித்ததில் புற்று எலும்புக்குப் பரவியிருந்தது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டார் மூத்த மகன். டாக்டரும் சரியென்றார். அப்பாவிடம் குடலிறக்கம் என்று சொல்லி, மகனிடம் கையெழுத்து வாங்கி, விரைகள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தையல் பிரித்து, முதல் நாள் குளிக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு மாதம் யாருடனும் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "என்னைக் கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன், சார்."

வைத்தியத்தில் தப்பில்லை. ஆண்மைச் சுரப்பை அடக்கினால் இந்தப் புற்று அடங்கும் என்று 1941-லேயே அமெரிக்காவில் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். அடக்குவதற்கு ஆபரேஷன் ஒரு வழி: செலவு குறைவு, ஒரு தரத்தோடு தீர்ந்தது. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு தரம் ஊசி போட்டுக்கொள்வது இன்னொரு வழி: செலவு அதிகம், தொடர்ந்து போட வேண்டும், ஆனால் உடம்பிலிருந்து எதையும் எடுப்பதில்லை. இரண்டிலும் ஆசை குறையும், எலும்பு தேயும், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். பணமா, ஊனமா என்று தராசு பிடிக்க வேண்டியவர் யார்? உடம்புக்குச் சொந்தக்காரரா, கையெழுத்துப் போட்டவரா?

நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கும் ஆரம்ப நிலையில் இந்தக் கேள்வி இன்னும் பெரியது. பிரிட்டனில் அப்படிப்பட்ட 1,643 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு. மூன்றாவது கூட்டத்துக்கு அவ்வப்போது ரத்தம் சோதித்துக் கவனித்து வருவது மட்டும். 15 வருஷம் கழித்து 2023-ல் கணக்கு வெளியாயிற்று. மூன்றிலும் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான்! கவனிப்பில் மட்டும் இருந்தவர்களுக்கு நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதும், அவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிற்பாடு வைத்தியத்துக்கு வந்தார்கள் என்பதும் வாஸ்தவம். அறுவைக்குப் போனவர்களில் பலருக்குச் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் நிலைத்தன. கதிர்வீச்சில் கசிவு குறைவு, குடல் தொந்தரவு அதிகம். எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வேகமான புற்றுக்கு வேறு கணக்கு. ஆனால் ஆயுள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் இடத்தில், எந்தத் தொந்தரவோடு வாழ்வது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் டாக்டரின் படிப்பில் இல்லை. தினமும் பஸ் ஏறுகிற மனிதருக்குக் கசிவு பெரிய கஷ்டம். 'உடம்புக்குள் புற்று இருக்கிறது' என்ற நினைப்பே தூங்கவிடாத மனிதருக்குக் கவனித்து வருவது நரகம்.

"அவருக்கு என்ன புரியும்?" என்கிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் புரிந்தவருக்கு இது புரியாதா? ஆங்கிலத்தில் சொன்னால் புரியாதுதான். தமிழில் சொல்லிப் பாருங்கள். "தெரிந்தால் மனசு ஒடிந்துவிடும்" என்கிறார்கள். வாத்தியாரின் மனசு எப்போது ஒடிந்தது என்று அவர் வீட்டுக் குளியலறையைக் கேளுங்கள். "டாக்டருக்கு நேரமில்லை" என்பது ஒன்றுதான் கொஞ்சம் நியாயம். மகனுக்கு ஒதுக்கிய அந்தப் பத்து நிமிஷத்தை அப்பாவுக்கு ஒதுக்கலாமே!

சட்டமும் பிள்ளைகள் பக்கம் இல்லை. டெல்லியில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்த ஒரு பெண்மணிக்கு, அவர் தாயாரின் சம்மதத்தோடு கருப்பையை எடுத்துவிட்டார்கள். சுயபுத்தியுள்ளவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றும், மாற்று வழிகளையும் கெடுதல்களையும் நோயாளிக்கே சொல்லியாக வேண்டும் என்றும் 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தாயாருக்கே அப்படியென்றால் மூத்த மகன் எம்மாத்திரம்?

யாருமே கேட்காத இன்னொருவர் உண்டு. கசிந்த வேட்டியைத் துவைக்கப் போகிறவள், இரவில் உடம்பு கொதித்தால் எழுந்து விசிறப் போகிறவள். வாத்தியார் மனைவிக்கும் குடலிறக்கம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.