நடுவர் நாற்காலியில் யார்?

பொருள் செய்கிறவர்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது நல்ல காரியம். அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. கதைக்குப் பரிசு உண்டு, கோலத்துக்குப் பரிசு உண்டு, ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பரிசு உண்டு. ஒரு கருவியையோ பாத்திரத்தையோ முன்பிருந்ததைவிட நன்றாகச் செய்து காட்டுகிறவனுக்கு ஒரு பரிசு கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தப் போட்டிகள் நடக்கிற விதத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவதே மரியாதை.

இவற்றுக்குப் பெயர்கள் பல. டிஸைன் சேலஞ்ச் என்கிறார்கள், ஹேக்கத்தான் என்கிறார்கள், மேக்கர் திருவிழா என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சடங்கு ஒன்றுதான். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். பிரமுகர் ஒருவர் இளைஞர்களே நாட்டின் எதிர்காலம் என்பார். மாணவர்கள் அணி அணியாக மேடையேறித் திரையில் படம் காட்டுவார்கள். ஓர் அணிக்குப் பத்து நிமிஷம். நடுவர்கள் மூன்று பேர் காகிதத்தில் எண் போடுவார்கள். மாலையில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் செக்கைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அதற்கும் மறுநாள் அந்தக் கருவி எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

அலங்காநல்லூரில் இப்படி நடக்குமா? வாடிவாசலில் நடுவர் என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் உண்மையான நடுவர் காளைதான். திமிலை அணைத்து நின்றவன் நின்றான், விழுந்தவன் விழுந்தான். காளையின் படத்தைத் திரையில் காட்டி, அதை எப்படி அடக்குவேன் என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்து, சைக்கிளையும் பீரோவையும் பரிசாக வாங்கிக்கொண்டு எவனும் வீட்டுக்குப் போக முடியாது. கருவிகளுக்கும் இப்படி ஒரு காளை உண்டு. அந்தக் கருவியைக் கையில் எடுத்து நாள் முழுதும் வேலை செய்யப் போகிற ஆள்தான் அந்தக் காளை. நம் போட்டிகளில் அந்த ஆளை மட்டும் மண்டபத்துக்குள் விடுவதில்லை.

சிறிது காலத்துக்கு முன் ஒரு கல்லூரியில் இத்தகைய போட்டி ஒன்றுக்கு என்னையும் நடுவராக உட்கார வைத்தார்கள். நாவல் எழுதுகிறவனுக்கும் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு, 'பொதுமக்களின் பிரதிநிதியாக' என்றார்கள். முதல் பரிசு, 25,000 ரூபாய், மல்லிகைப் பூப் பறிக்கும் கருவி ஒன்றுக்குப் போயிற்று. விரலில் மோதிரம்போல் மாட்டிக்கொள்ள வேண்டும்; அதில் சிறு கத்தி ஒன்று இருந்தது; காம்பைக் கிள்ளாமல் வெட்டும். படம் மிக அழகாக இருந்தது. நான் அதற்கு எண் போடவில்லை. எண் போட்ட மற்ற இருவரும் என்னைவிடப் படித்தவர்கள்.

சில வாரம் கழித்துத் திருமங்கலம் பக்கத்தில் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பூவைப் பற்றி நகரத்துக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நாம் மாலையில் வாங்குகிற மல்லிகையை இருட்டு விலகும் முன்பே மொக்காகப் பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை விழுந்துவிடும். ஆகையால் நெற்றியில் மின்விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து போவார்கள். விடிந்த பிறகு, மடி நிறைந்த பூவோடு வரப்பில் உட்கார்ந்த ஓர் அம்மாளிடம், கையில் வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதை மாட்டிக்கிட்டா எந்த மொக்கு முத்தினது, எது பிஞ்சுன்னு விரலுக்கு எப்பிடிய்யா தெரியும்? இருட்டுல கண்ணா பறிக்குது? விரலுதான பறிக்குது" என்றாள்.

"அப்படியானால் உங்களுக்கு வேறு என்ன வேண்டும், அம்மா?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "நெத்தியில கட்டுற இந்த லைட்டுப் பட்டை வேர்வையில நனைஞ்சு நழுவி நழுவிக் கண்ணுமேல விழுகுதுய்யா. அதுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிடுவோம்."

ஒரு பட்டை! முதல் பரிசுக்குரிய பிரச்னை அங்கே வரப்பில் உட்கார்ந்திருந்தது. மண்டபத்துக்கும் அந்த வரப்புக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். பரிசு பெற்ற பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஏற வேண்டும் என்று போட்டியின் விதிகளில் ஒரு வரிகூட இல்லையே!

நிற்க. போட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொல்ல வந்தால், மதுரை மேலமாசி வீதிக்கு அவரை அழைத்துப் போவேன். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி முழ வேட்டிக்கு மாறியது அங்கே உள்ள ஒரு வீட்டில்தான். பிற்காலத்தில் அந்த இடத்தில் கதர்க் கடை வந்தது. அந்த வேட்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர் காலத்தில் நடந்த ஒரு டிஸைன் போட்டியைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாது.

1929-ல் அகில இந்திய சர்க்கா சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: நல்ல ராட்டினம் ஒன்றைச் செய்து கொடுக்கிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஆனால் தொகையைவிட நிபந்தனைகள்தான் பிரமாதம். ராட்டினம் எளிதில் தூக்கிச் செல்லக் கூடியதாக இருக்க வேண்டும். சாதாரணக் கிராமத்துக் குடிசையில் வைத்துக் கையாலோ காலாலோ இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெண் அதிகச் சிரமமில்லாமல் தொடர்ந்து எட்டு மணி நேரம் அதில் வேலை செய்ய வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். ரிப்பேர்ச் செலவு வருஷத்துக்கு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஆகக் கூடாது. படத்தை அனுப்பினால் போதாது, ராட்டினத்தையே அனுப்பி வைக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'புதுமை' என்ற சொல் இருக்கிறதா? 'அழகிய விளக்கவுரை' இருக்கிறதா? குடிசை இருக்கிறது, பெண் இருக்கிறாள், அவளுடைய எட்டு மணி நேரம் இருக்கிறது, 20 வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு ஆகப் போகிற ரிப்பேர்ச் செலவுகூட இருக்கிறது. கேள்வியை எழுதியவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

முடிவு என்ன ஆயிற்று? பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. யந்திரங்கள் வந்தன, ஓட்டிப் பார்த்தார்கள், நிபந்தனைக்கு நிற்கவில்லை, கொடுக்கவில்லை. அவ்வளவுதான். நாட்டின் பெரிய தலைவர்கள் சம்பந்தப்பட்ட போட்டி தோற்றுவிட்டதே, பத்திரிகைக்காரர்கள் என்ன சொல்லுவார்கள் என்று யாரும் அட்டைச் செக் அடிக்கவில்லை. ஆனால் கேள்வி சாகவில்லை. சுதந்திரம் வந்த பிறகு தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் பல கதிர்கள் கொண்ட ஒரு ராட்டினத்தைச் செய்தார். அவர் பெயரிலிருந்துதான் அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயர் வந்தது. அதையும் அப்படியே கொண்டாடிவிடவில்லை. 1956-ல் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு விசாரித்தது. அம்பர் சர்க்காவைப் பற்றிக் குறை சொன்னவர்களும் உண்டு. சொல்லட்டும். ஓட்டிப் பார்த்துச் சொன்ன குறை, ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த பரிசைவிட உயர்ந்தது.

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துகிறது. இந்த விழாக்களில் கைவேலைக்காரர்களையும் கூப்பிடுகிறார்கள். எதற்கு என்றால், வேடிக்கை காட்ட. ஒரு மூலையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற ஓர் அம்மாளை உட்கார வைப்பார்கள். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி, இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போவாள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பிறகு சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. தலைமுறை தலைமுறையாக மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் காப்பாற்றி வந்த வித்தை இது. வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதே மண்டபத்தின் மேடையில், அதே புள்ளிகளைக் கைப்பையிலும் செல்போன் உறையிலும் அச்சிட்ட இளைஞருக்கு 'பாரம்பரியத்துக்குப் புத்துயிர்' என்று பரிசு கொடுப்பார்கள்!

சுங்குடிக்குப் புதுப் புள்ளியா வேண்டும்? 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மெழுகு வைத்தும் அச்சுப் போட்டும் அதே மாதிரிப் புள்ளிகளைச் சொற்ப நேரத்தில் உண்டாக்கிவிடுகிறார்கள். கையால் கட்டியதில், முடிச்சு இருந்த இடத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். இரண்டு புள்ளிகள் ஒரே மாதிரி இருக்காது. கடையில் நிற்கிற வாசகிகளே, உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததால் இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்கிறீர்கள். கேட்டதும் முடிச்சுப் போடுகிறவளின் கூலி குறைகிறது. கடைக்கு வருகிறவர் ஒரே பார்வையில் வித்தியாசம் காண என்ன செய்யலாம், கட்டுகிறவளின் விரலும் முதுகும் நோகாமலிருக்க என்ன செய்யலாம் — இவை போட்டிக்குரிய கேள்விகள். இவற்றைக் கேட்க, மூலையில் உட்கார்ந்திருப்பவளை மேடைக்கு அழைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பெயர் சொன்னால்தான் நம்புவோம் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். இந்திய சர்க்கார் அழைத்து, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பலனாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் பிறந்தது. இந்த நாட்டில் அவர்கள் கண்ட பொருள்களில் எல்லாம் மிகவும் வியந்தது எதைத் தெரியுமா? நம் வீட்டுச் சொம்பை. தூக்கும்போது எப்படி நிற்கிறது, ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, கழுவ எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு, இதைத் தனி ஒருவன் வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் வடிவமைத்தன என்றார்கள்.

சொம்பு பழைய கதை என்றால், மதுரைத் தெருவில் தண்ணீர் லாரிக்கு முன் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களைப் பாருங்கள். பித்தளையின் பாரம் போயிற்று. ஆனால் இடுப்பில் பொருந்துகிற வயிறும், கை வளைத்துப் பிடிக்கிற கழுத்தும் போகவில்லை. பச்சை, சிவப்பு, ஊதா என்ற நிறங்களால் யார் குடம் எது என்ற சண்டையும் பாதி குறைந்தது. இதற்கு எந்த மேடையிலும் செக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குடம் சுமந்த பெண்கள் சரியில்லாததை வாங்காமல் விட்டார்கள், அதுவே தீர்ப்பு.

என்னை மறுத்துப் பேசுகிறவர்கள் இரண்டு நியாயம் சொல்லுவார்கள். 'பிள்ளைகள்தானே, உற்சாகப்படுத்த வேண்டாமா?' என்பது ஒன்று. உற்சாகப்படுத்துங்கள். ஆனால் பொய்ச் சர்ட்டிபிகேட் உற்சாகமல்ல. மத்திய அரசு 2017 முதல் நடத்திவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் கேள்விகளை அமைச்சகங்களும் நிறுவனங்களும் கொடுக்கின்றன. கேள்வி வெளியிலிருந்து வருவது நல்லதுதான். ஆனால் 36 மணி நேரம் தூங்காமல் உட்கார்ந்து நிரல் எழுதுவதை ஒரு வீரச் செயலாக்கிவிட்டோமே! தோட்டத்தில் 36 நாள் குனிந்து பார்த்தவனுக்கு என்ன பட்டம் கொடுத்தோம்?

இரண்டாவது நியாயம் கனமானது. 'போட்டி இல்லாவிட்டால் கோயம்புத்தூர் முருகானந்தத்தை உலகத்துக்குத் தெரிந்திருக்குமா?' என்பார்கள். மலிவான சானிட்டரி நாப்கின் செய்யும் யந்திரத்துக்காக 2006-ல் சென்னை ஐ.ஐ.டி. அவரைப் பாராட்டியது, 2016-ல் பத்மஸ்ரீயும் வந்தது. உண்மை. போட்டியால் நன்மை உண்டு என்று நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று பாருங்கள். பல வருஷம் சோதனை செய்து, பெண்கள் சொல்லக் கூசியபோது ரத்தம் நிரப்பிய பையைத் தம் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்து, ஊர் ஏசியதையும் பொறுத்துக்கொண்ட பிறகுதான் அவர் மேடைக்குப் போனார். அங்கே பரிசு, முடிந்த பரீட்சைக்குக் கிடைத்த மார்க். நம் ஊரில் பரீட்சையே எழுதாமல் மார்க் போடுகிறோம்.

போட்டி நடத்துகிற கல்லூரிகளையும் சங்கங்களையும் நான் கேட்பது நாலே காரியம். கேள்வியை அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். விலை, ஆயுள், ரிப்பேர்ச் செலவு மூன்றையும் நிபந்தனையில் போடுங்கள். நடுவர்களில் பாதிப் பேர் அந்தக் கருவியைக் கையாளுகிறவர்களாக இருக்கட்டும். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள், பொன்னாடை வேண்டாம். பரிசுத் தொகையில் கால் பங்கை அன்று கொடுத்து, முக்கால் பங்கை ஒரு பருவம் முழுக்கக் கருவி உழைத்த பிறகு கொடுங்கள். போன வருஷம் பரிசு வாங்கிய பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது என்று இந்த வருஷ விழாவில் முதலில் படியுங்கள்.

இதெல்லாம் செய்தால் சில வருஷங்களில் பரிசுக்குத் தகுதியான பொருள் ஒன்றும் வராமல் போகும். போகட்டும். 'இந்த ஆண்டு பரிசு இல்லை. கேள்வி அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டும் இதே கேள்விதான்' என்று மைக்கில் சொல்லுங்கள். 1929-ல் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல அஞ்சவில்லை. நெற்றி விளக்கின் பட்டைக்கு ஒரு வழி செய்ய இந்த ஊரின் கல்லூரிகளுக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.